வானத்துத் தரிசு யாருக்குச் சொந்தம்?

ஊரில் நிலம் தரிசாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும். மிராசுதார் ஆயிரம் சாக்குச் சொன்னாலும் முள் மண்டிய வயலை மறைக்க முடியாது. மில்லில் ஒரு ரிங் பிரேம் ஓடாமல் நின்றால் அதன் மௌனமே முதலாளியைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நமது தலைக்கு மேலே இன்னொரு சொத்து தரிசாகக் கிடக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. ஆனால் அதற்கும் பட்டா உண்டு, ஏலம் உண்டு, குத்தகை உண்டு. கோடிக்கணக்கில் பணம் புரளுகிறது. அதுதான் அலைக்கற்றை.

"இது படித்தவர்கள் விவகாரம், பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நாம் சொல்கிறோம்: நிறைய வேலை இருக்கிறது. இன்று நம்முடைய கூலி, ரேஷன், பிள்ளைகளின் படிப்பு, வெளியூரில் வேலை செய்யும் மகனோடு பேசும் பேச்சு எல்லாமே இந்த அலைகளின் வழியாகத்தான் வருகின்றன, போகின்றன. நமது வாழ்க்கை ஓடுகிற வாய்க்கால் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

பொதுச் சொத்து என்றால் என்ன?

வானலைகள் மக்களின் பொதுச் சொத்து. இது நாம் மட்டும் சொல்லுகிற வார்த்தை அல்ல. 1995-ம் வருஷம் பிப்ரவரி மாதம், கிரிக்கெட் ஒளிபரப்புப் பற்றிய ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டே அப்படித் தீர்ப்பளித்தது. வானலைகள் பொதுச் சொத்து, பொது நன்மைக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. 2008-ல் சர்க்கார் முறைகேடாக வழங்கிய 122 லைசென்சுகளை 2012 பிப்ரவரி 2-ந் தேதி அதே கோர்ட் ரத்து செய்ததும் இந்த அடிப்படையில்தான்.

ஆனால் நடைமுறை என்ன? பொதுச் சொத்தை ஏலம் போட்டு, அதிகப் பணம் வைத்திருப்பவனிடம் 20 வருஷத்துக்குத் தூக்கிக் கொடுப்பதுதான் நடைமுறை. 2022-ம் வருஷம் நடந்த ஏலத்தில் ரூ.1,50,173 கோடிக்கு அலைக்கற்றை போயிற்று. அதில் ரூ.88,078 கோடி ஒரே ஒரு கம்பெனியுடையது. அது ரிலையன்ஸ் ஜியோ. அந்த ஏலத்துக்கு வந்த சரக்கு, நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டாரங்களையும் கூட்டிப் பார்த்தால் 72,098 மெகாஹெர்ட்ஸ். விற்றது 51,236 மெகாஹெர்ட்ஸ். மீதி அப்படியே நின்றது. 2024 ஜூனில் மறுபடி ஏலம் போட்டார்கள். சுமார் 10,500 மெகாஹெர்ட்ஸ் வைத்ததில் 141.4 மெகாஹெர்ட்ஸ்தான் விலை போயிற்று.

700 மெகாஹெர்ட்ஸ் வரிசையின் கதையைக் கேளுங்கள். அது நெடுந்தூரம் பாயும் அலை. சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். கிராமத்துக்கு மிகவும் ஏற்றது. 2016-ல் அதை ஏலத்துக்கு வைத்தார்கள். சர்க்கார் வைத்த விலைக்கு ஒருவரும் கேட்கவில்லை. 2021-ல் வைத்தார்கள். அப்போதும் கேட்பார் இல்லை. 2022-ல்தான் ஒரே ஒரு கம்பெனி, அதுவும் ஒரு பங்கை மட்டும் எடுத்தது. ஆறு வருஷம் நல்ல நன்செய் நிலத்தை, விலை படியவில்லை என்று பூட்டி வைத்தார்கள்! அந்த ஆறு வருஷமும் மலையடிவாரத்துக் கிராமங்களில் ஜனங்கள் சிக்னலுக்காக மரத்தடியிலும் மேட்டிலும் ஏறி நின்றார்கள்.

ஏரித் தண்ணீரை இன்று பாய்ச்சாவிட்டால் நாளைக்கு நிற்கும். அலை அப்படி நிற்காது. இன்று காலை பத்து மணிக்கு ஒரு சானல் சும்மா கிடந்தால் அந்தப் பத்து மணி போனது போனதுதான். ஓடாத தறியின் ஒரு ஷிப்டை எந்தக் கிடங்கிலும் சேர்த்து வைக்க முடியாததைப் போலத்தான் இதுவும். ஆகவே அலைக்கற்றையைச் சும்மா வைத்திருப்பது சேமிப்பு அல்ல, அழிவு.

பதிலித் தொழிலாளிக்குத் தெரிந்த விஞ்ஞானம்

"பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று கை விரிக்கிறார்கள். ஆனால் விஞ்ஞானம் கை விரிக்கவில்லை. சானல் ஒருவனுக்கு உரிமையாக இருந்தாலும் எந்நேரமும் அவன் அதில் பேசிக்கொண்டிருப்பதில்லை. 2005-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 30 முதல் 3,000 மெகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு வரிசையாக அளந்து பார்த்தார்கள். அவ்வளவு பெரிய நகரத்தில் சராசரியாக 17.4 சதவீதம்தான் உபயோகத்தில் இருந்தது. மற்றதெல்லாம் பட்டா உள்ள தரிசு!

அப்படியானால் உரிமைக்காரன் பேசாத நேரத்தில் இன்னொருவர் அந்தச் சானலைப் பயன்படுத்தி, அவன் வந்ததும் ஒதுங்கிக்கொண்டால் என்ன? இதைத்தான் அலைக்கற்றைப் பகிர்வு என்கிறார்கள். 1999-ல் ஜோசப் மிட்டோலா என்ற விஞ்ஞானி, சுற்றுமுற்றும் கேட்டறிந்து தானே சானலைத் தேர்ந்தெடுக்கும் ரேடியோவைப் பற்றி எழுதினார். அதிலிருந்து இந்தத் துறை வளர்ந்து வந்திருக்கிறது.

இதன் சூட்சுமம் என்ன? சானல் எப்போது காலியாகும், எவ்வளவு நேரம் காலியாக இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிப்பதுதான். வெறுமனே காது கொடுத்துக் கேட்டால் போதாதா? போதாது. கேட்டுக்கொண்டே இருந்தால் பேசுவது எப்போது? பேசத் தொடங்கியபின் உரிமைக்காரன் வந்துவிட்டால் இருவர் பேச்சும் குழம்பும். ஆகவே, "இப்போது காலி, இன்னும் இவ்வளவு நேரத்துக்குக் காலியாக இருக்கும்" என்று தெரிய வேண்டும்.

நமது பஞ்சாலைகளில் பதிலித் தொழிலாளிகளுக்கு இந்த விஞ்ஞானம் எத்தனையோ வருஷமாகத் தெரியும். காலை ஷிப்டுக்கு மில் கேட்டில் வந்து நிற்கும் பதிலி, இன்று எந்த இலாகாவில் ஆள் குறையும் என்று மனக்கணக்குப் போடுகிறார். சம்பளம் போட்ட மறுநாள் ஆள் குறையும். ஊர்த் திருவிழா என்றால் குறையும். நேற்று வராதவர் இன்றும் வராமல் இருக்கலாம். நிரந்தரத் தொழிலாளி வந்துவிட்டால் பதிலி விலகி நிற்க வேண்டும். இந்த மனக்கணக்கைத்தான் மெஷின் ஒரு நொடியில் பல தடவை போடுகிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு சானலைப் பல நாள் கவனித்ததில் இப்படித் தெரிகிறது என்று வைத்துக் கொள்வோம். இந்தக் கணத்தில் காலியாக இருந்தால், 100-க்கு 90 தடவை அடுத்த கணத்திலும் காலியாகவே இருக்கிறது. இந்தக் கணத்தில் பேச்சு நடந்தால், 100-க்கு 80 தடவை அடுத்த கணத்திலும் பேச்சு தொடர்கிறது. இந்த இரண்டு எண்களே போதும். நெடுநேரத்தில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அந்தச் சானல் காலி என்று கணக்குச் சொல்லிவிடும். இப்போது காலி என்றால், தொடர்ந்து மூன்று கணம் காலியாக இருக்க 100-க்கு சுமார் 73 வாய்ப்பு. ஐந்து கணம் என்றால் 59. பத்துக் கணம் என்றால் 35 தான். ஆகவே புத்தியுள்ள மெஷின் இரண்டு மூன்று கணம் பேசிவிட்டு மறுபடி காது கொடுத்துக் கேட்கும். பத்துக் கணம் கண்ணை மூடிக்கொண்டு பேசாது.

இந்தக் கணக்கைத் தந்தவர் ரஷ்யாவின் கணித மேதை ஆந்திரெய் மார்க்கோவ். 1913-ல் அவர் புஷ்கினின் காவியம் ஒன்றில் 20,000 எழுத்துக்களை எடுத்து, ஒரு உயிரெழுத்தை அடுத்து இன்னொரு உயிரெழுத்து வருவது எத்தனை தடவை, மெய்யெழுத்து வருவது எத்தனை தடவை என்று எண்ணிக் காட்டினார். அதே 1913-ல் ஜார் மன்னனின் வம்சம் தனது ஆட்சியின் 300-வது வருஷத்தை ஆடம்பரமாகக் கொண்டாடியது. மார்க்கோவ் அதற்கு எதிராக, கணிதத்தின் ஒரு பெரிய விதி வெளியான 200-வது வருஷத்துக்கு விழா எடுத்தார். அரசனுக்கு விழா அல்ல, அறிவுக்கு விழா! அந்த மனிதர் விதைத்த விதைதான் இன்று ரேடியோவில் முளைத்திருக்கிறது.

இன்று இதற்கு மேலும் போயிருக்கிறார்கள். காலை, மாலை, வார நாள், விடுமுறை என்று மாறுகிற நடமாட்டத்தைப் பல மாதக் கணக்கிலிருந்து மெஷினே கற்றுக் கொள்கிறது. ஆனால் நாம் மயங்கிவிடக் கூடாது. நகரத்தில் கற்ற கணக்கு கிராமத்துக்குப் பொருந்தாது. சாதாரண நாளில் கற்ற கணக்கு புயலடிக்கும் நாளில் பொய்க்கும். நேற்றைய வழக்கம் மாறினால் நேற்றைய கணிப்பும் மாற வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு குன்றுக்குப் பின்னால் நிற்கும் ரேடியோவின் காதில் உரிமைக்காரன் பேச்சு விழாது. காலி என்று நினைத்து அது பேசிவிடும். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டும் குழம்பும். இதற்கு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? கூட்டாகக் கேட்பது! தனியாக நிற்கும் ரேடியோ பத்துக்கு இரண்டு தடவை ஏமாறுகிறது என்று வைத்துக் கொள்வோம். வெவ்வேறு இடத்தில் நிற்கும் மூன்று ரேடியோக்கள் கேட்டதைப் பகிர்ந்து கொண்டால், மூன்றும் ஒருசேர ஏமாறுவது ஆயிரத்துக்கு எட்டுத் தடவைதான். ஒற்றைக் காதை நம்பாதே, சங்கமாகச் சேர்ந்து கேள் என்று இயற்கையே சொல்கிறது.

போர்க்கப்பல் இடம் கொடுத்தது, கம்பெனி கொடுக்காதா?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. உங்கள் ஊரில் வைஃபை பெட்டி வைத்திருக்கிறார்களே, அதிலேயே இந்த ஒழுங்கு இருக்கிறது. ராடார் இயங்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைகளில் வைஃபை நுழைய வேண்டுமானால், முதலில் 60 வினாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு ராடார் சத்தம் கேட்டால் 10 வினாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தொலைக்காட்சிச் சானல்களின் இடைவெளியில் கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோக 2011-ல் ஒரு சர்வதேசத் தர விதி வெளியாயிற்று. அதன்படி உரிமைக்காரன் வந்ததைக் கண்டுகொள்ள 2 வினாடிதான் அவகாசம்.

அமெரிக்காவைப் பாருங்கள். 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசை அந்நாட்டுக் கடற்படை ராடாருக்கு உரியது. 2015-ல் அதற்குப் பகிர்வு விதிகள் போட்டார்கள். 2020 ஜனவரியில் முழு வியாபார உபயோகத்துக்குத் திறந்தார்கள். கடற்கரை நெடுகக் காதுகள் வைத்திருக்கிறார்கள். போர்க்கப்பல் ராடார் கேட்டால் மத்திய கம்ப்யூட்டர் மற்றவர்களை வேறு சானலுக்கு மாற்றிவிடும். கப்பல் இல்லாத இடத்தில், இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பேசலாம். பள்ளிக்கூடம் பேசலாம், ஆலை பேசலாம், பண்ணை பேசலாம். கடைசிப் படியில் உள்ளவர்களுக்கு ஏலப் பணம் கிடையாது.

அமெரிக்க ஏகாதிபத்தியம் தர்மம் செய்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் நடுப்படியை 2020-ல் ஏலம் விட்டு சுமார் 458 கோடி டாலர் வாங்கினார்கள். பெரிய கம்பெனிகள் அதில் நுழைந்துகொண்டன. ஆனால் ஒரு உண்மை நிரூபணமாகிவிட்டது. அவ்வளவு பெரிய போர்க்கப்பல் படையின் ராடாரோடு ஒரு பள்ளிக்கூடத்து ரேடியோ ஒரே வரிசையில் பிழைக்க முடியும் என்றால், ஒரு செல்போன் கம்பெனியின் தரிசில் ஒரு பஞ்சாயத்து ரேடியோ பிழைக்க முடியாதா?

நம் நாட்டில் யார் யாருக்குப் பகிர்கிறார்கள்?

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 2014-ல் மும்பை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தொலைக்காட்சி வரிசையைக் கணக்கிட்டார்கள். அதில் 15 சானல்கள். நாட்டின் பரப்பில் குறைந்தது 56.27 சதவீதத்தில் பதினைந்துமே காலி என்று கண்டார்கள்! அதே ஐ.ஐ.டி.யினர் மகாராஷ்டிர மாநிலம் பால்கர் பகுதியிலுள்ள கிராமங்களுக்கு இந்த வரிசை வழியாக இணையம் கொண்டுபோய்ப் பரிசோதித்தும் காட்டினார்கள். கேபிள் ஒரு கிராமத்தில் வந்து நிற்கிறது. அங்கிருந்து இந்த அலை பக்கத்துக் கிராமங்களுக்குப் பாய்கிறது. அங்கே ஒரு பெட்டி அதை வைஃபையாக மாற்றிக் கொடுக்கிறது. நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கு மூளையும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. அதை நாடு முழுவதும் கொண்டு போக வேண்டிய சர்க்கார் என்ன செய்தது?

சர்க்கார் பகிர்வைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2015 செப்டம்பரில் பகிர்வு விதிகளைக் கொண்டு வந்தது. யாருக்கு? ஒரே வரிசையில் ஏற்கெனவே பட்டா வைத்திருக்கும் இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் பகிர்ந்து கொள்ள! அடுத்த மாதமே விற்று வாங்குவதற்கும் விதி வந்தது. மிராசுதாரும் மிராசுதாரும் வரப்பைத் தள்ளி வைத்துக்கொள்ள ஏற்பாடு. கூலியாளுக்கு அதில் ஒரு பாத்தி கூடக் கிடையாது.

2024 ஏப்ரலில் டிராய் ஆணையம் ஒரு சிபாரிசு செய்தது. சர்க்கார் இலாகாக்களிடமும் மற்றவர்களிடமும் உள்ள சில வரிசைகளை, அவர்கள் உபயோகிக்காத இடத்திலும் நேரத்திலும், செல்போன் கம்பெனிகள் இரண்டாம் உரிமையாகப் பயன்படுத்தலாம் என்பது அந்தச் சிபாரிசு. தோழர்களே, இதை ஊன்றிப் படியுங்கள். சர்க்காரின் தரிசு கம்பெனிக்கு. சரி. கம்பெனியின் தரிசு யாருக்கு? பொது ஜனங்களுக்கு என்று யாரும் சிபாரிசு செய்யக் காணோம். பகிர்வு என்ற பாதை ஒரு திசையில் மட்டும் போகிறது!

கைமாறும் கூத்தையும் பாருங்கள். 2022 ஏலத்தில் அதானி கம்பெனி 26 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 400 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ரூ.212 கோடிக்கு எடுத்தது. பொதுஜனங்களுக்கு அதைக் கொண்டு எந்தச் செல்போன் சேவையும் தொடங்கவில்லை. 2025 ஏப்ரலில் அதை ஏர்டெல் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்க உடன்பாடு செய்துகொண்டது. தமிழ்நாட்டுக்குரிய 50 மெகாஹெர்ட்ஸும் அதில் அடக்கம். அந்த அலை தூரம் பாயும் அலை அல்ல என்பது உண்மை. ஆனால் கேள்வி தூரத்தைப் பற்றியது அல்ல. பயன்படுத்தாதவன் கையிலிருந்து பொதுச் சொத்து பொதுவுக்குத் திரும்ப வேண்டுமா, இன்னொரு கம்பெனிக்குப் போக வேண்டுமா என்பதே கேள்வி.

2023-ம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-வது பிரிவு என்ன சொல்கிறது? போதிய காரணம் இல்லாமல் அலைக்கற்றை பயன்படாமல் கிடந்தால், உரிமைக்காரனை விசாரித்துவிட்டு, சர்க்கார் அந்த ஒதுக்கீட்டை முடித்துவிடலாம் என்கிறது. சட்டப் புத்தகத்தில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் தரிசு என்று நிரூபிப்பது எப்படி? அளக்க வேண்டும். எந்தத் தாலுகாவில், எந்தச் சானல், எத்தனை மணி நேரம் காலி என்று கணக்கு வேண்டும். சானல் கணிப்பு விஞ்ஞானம் வேலை செய்யவும் இந்தக் கணக்குத்தான் வேண்டும். ஜனங்கள் நியாயம் கேட்கவும் இதே கணக்குத்தான் வேண்டும். கிராமத்தில் தரிசு நிலக் கணக்கு எழுதக் கர்ணம் இருந்தார். அவர் மிராசுதாருக்குச் சாதகமாக எழுதினாலும் கணக்கு என்று ஒன்று இருந்தது. வானத்துத் தரிசுக்கு ஜனங்கள் கண்ணில் படும்படியான கணக்கு எங்கே?

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: "கம்பெனிகள் பணம் கொடுத்து வாங்கியிருக்கின்றன." கொடுத்தது எதற்கு? பயன்படுத்தும் உரிமைக்கு. பூட்டி வைக்கும் உரிமைக்கு அல்ல. அந்தப் பணமும் யாருடையது? 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை சுமார் 11 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தினவே, ஞாபகம் இருக்கிறதா? நூற்பாலைப் பெண் தொழிலாளியும் நடவு நடும் பெண்ணும் ரீசார்ஜ் செய்த பணம் அது.

இரண்டாவது ஆட்சேபம்: "மற்றவர்களை விட்டால் பேச்சுக் குழம்பும்." இதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது. 60 வினாடி கேள், 2 வினாடியில் கண்டுகொள், கூட்டாகக் கேள், சந்தேகம் இருந்தால் விலகு. புயல், வெள்ளக் காலத்தில் உரிமைக்காரனுக்கே முழு இடம் என்று விதி வைக்கலாம். நாமும் அதை ஏற்கிறோம்.

மூன்றாவது ஆட்சேபம்: "நாளைக்கு விஸ்தரிக்க வேண்டியிருக்கும், அதற்காக வைத்திருக்கிறோம்." தாராளமாக விஸ்தரியுங்கள். டவர் நட்ட அன்றைக்கு இரண்டாம் உரிமைக்காரர் ஒதுங்கிக் கொள்வார். அதுவரை அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் மேட்டில் ஏறி நிற்க வேண்டும்?

கூலியில் விழும் வெட்டு

இது வெறும் வாக்குவாதம் அல்ல, கூலிப் பிரச்னை. 2023 ஜனவரி 1-ந் தேதி முதல் நூறு நாள் வேலைத் தலங்களில் செல்போன் மூலம் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. சிக்னல் இல்லாத இடத்தில் மண் வெட்டிய தொழிலாளிகள் பதிவுக்காகத் திண்டாடினார்கள். நாடெங்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின. மண்வெட்டி ஓடியது, வியர்வை ஓடியது. சிக்னல் ஓடவில்லை, ஆகவே கூலி சந்தேகத்துக்கு இடமாயிற்று! சிக்னலைக் கொடுக்காத குற்றம் சர்க்காருடையதும் கம்பெனியுடையதும். தண்டனை மட்டும் கூலியாளுக்கு.

பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.லுக்கு என்ன நேர்ந்தது? தனியார் கம்பெனிகள் வருஷக்கணக்காக 4ஜி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு 4ஜி அலைக்கற்றை கொடுக்காமல் காக்க வைத்தார்கள். 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வெளியே அனுப்பினார்கள். 2025 செப்டம்பரில்தான் அதன் சுதேசி 4ஜி நாடு முழுவதற்கும் என்று தொடங்கி வைக்கப்பட்டது. காட்டிலும் மலையிலும் லாபம் பாராமல் டவர் நடக்கூடிய ஒரே ஸ்தாபனத்தை முடமாக்கிவிட்டு, "தனியார்தான் திறமைசாலி" என்று பாட்டுப் பாடுகிறார்கள்.

நாம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். சானல் கணிக்கும் மெஷின் வந்துவிட்டால் மட்டும் கிராமத்துக்குச் சிக்னல் வந்துவிடாது. காலிச் சானலோடு கேபிள் வேண்டும், மின்சாரம் வேண்டும், பெட்டி வேண்டும், பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அதோடு, இந்தக் கணிப்பு கம்பெனிகளின் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? தரிசு எங்கே என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். மணிக்கணக்கில், நிமிஷக்கணக்கில் உள்குத்தகை விட்டு வாடகை பிடுங்குவார்கள். பொதுச் சொத்தை மலிவாக எடுத்து, பொதுஜனங்களுக்கே சில்லறையாக விற்பார்கள். பதிலித் தொழிலாளியின் நிலைமை நமக்குத் தெரியும்: கேட்டில் நிற்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், போ என்றால் போக வேண்டும். வானலையில் சொந்தக்காரர்களான ஜனங்களைப் பதிலியாக்கி, குத்தகைக்காரக் கம்பெனியை நிரந்தரமாக்குவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டாம் உரிமை என்பது முதல் படி. சொத்து யாருடையது என்ற கேள்வியை அது மூடிவிடக் கூடாது.

நமது கோரிக்கைகள்

ஒன்று: தாலுகாவாரியாக ஒவ்வொரு அலைவரிசையின் உபயோகத்தையும் சர்க்கார் அளந்து, வருஷந்தோறும் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ராணுவப் பாதுகாப்புக்குரியவை மட்டும் விலக்கு.

இரண்டு: தொலைத்தொடர்புச் சட்டம் 7-வது பிரிவை ஏட்டில் வைத்திருக்காமல் அமல் செய்ய வேண்டும். தரிசாகக் கிடக்கும் அலைக்கற்றை கம்பெனிக்குக் கம்பெனி கைமாறக் கூடாது. பொதுவுக்குத் திரும்ப வேண்டும்.

மூன்று: கம்பெனிகள் பயன்படுத்தாத இடத்திலும் நேரத்திலும் அவற்றின் சானல்களை பி.எஸ்.என்.எல்., பஞ்சாயத்துகள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிகள் ஆகியவை ஏலப் பணமின்றி இரண்டாம் உரிமையாகப் பயன்படுத்தச் சட்டம் வேண்டும். விலை போகாமல் சர்க்காரிடமே நிற்கும் வரிசைகளுக்கு இது உடனே பொருந்த வேண்டும்.

நான்கு: சானல் கணிக்கும் முறைகளைப் பொதுப் பணத்தில், நமது பல்கலைக்கழகங்களில் வளர்த்து, யாரும் பயன்படுத்தத்தக்க பொது உடைமையாக வெளியிட வேண்டும்.

ஐந்து: சிக்னல் இல்லை என்ற காரணத்தால் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு நாள் கூலி, ஒரு மாத ரேஷன் மறுக்கப்படக் கூடாது. கையெழுத்துப் பதிவேடு எப்போதும் செல்லுபடியாக வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் வையுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் எந்தெந்த இடத்தில் எந்தெந்த நேரத்தில் சிக்னல் இல்லை என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பத்து ஊர் நோட்டுகள் சேர்ந்தால் அதுவே கூட்டாகக் கேட்ட காது. அதை எந்த அதிகாரியாலும் புறக்கணிக்க முடியாது.

உழுபவனுக்கே நிலம் என்று ஒரு காலத்தில் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. பட்டாவைக் காட்டினார்கள், கோர்ட்டைக் காட்டினார்கள், போலீசைக் காட்டினார்கள். ஆனால் தரிசைக் காட்டி, "இது ஏன் சும்மா கிடக்கிறது?" என்று ஜனங்கள் கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. இன்று அதே கேள்வியை நாம் வானத்தைக் காட்டிக் கேட்கிறோம். தரிசு எங்கே என்று காட்டும் கருவியை விஞ்ஞானம் கொடுத்துவிட்டது. அதைக் கையில் எடுப்பது நமது வேலை.